ஆடியில் கழற்றிய விளக்கு

சிவமயம்

சுசீந்திரம்
2-12-2024

முட்டம் திரு. சிலுவைதாசன், திருமதி ஜெபமணி அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். உங்களிடம் அதைக் கேட்கக் கை வரவில்லை.

என் பெயர் தாணுமாலயன். வேளாண்மை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அக்டோபர் பதினெட்டாம் தேதி மாலை, ராஜாக்கமங்கலம் ரோட்டில் உங்கள் மகள் அபினாவின் ஸ்கூட்டர் வந்து மோதிய பழைய பியட் கார் என்னுடையது. ஓட்டியதும் நான்தான்.

அடக்கத்துக்கு வர வேண்டும் என்று கிளம்பினேன். வக்கீல் தடுத்துவிட்டார். போனும் செய்யக் கூடாது என்றார். கடிதம் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கும் ஒரே மகள், ஆதிரா. உங்கள் மகளுக்கு ஒரு வயது மூத்தவள். அவள் ஆபீஸ் விட்டு வர ஐந்து நிமிடம் பிந்தினால் இப்போதெல்லாம் நான் தெருவில் போய் நின்றுவிடுகிறேன். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கில்லை. இறைவன் உங்கள் இருவருக்கும் தெம்பு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வே. தாணுமாலயன்


சேசுவுக்குப் புகழ்

முட்டம்
8-1-2025

தாணுமாலயன் சாருக்கு,

ஜெபமணி எழுதுகேன். உங்க வீட்டுல எல்லாரும் சொகமா இருக்க மாதாவை வேண்டிக்கிடுதேன். இங்க நாங்க ரெண்டு பேரும் இருக்கோம், அவ்வளவுதான்.

உங்க கடிதம் கிறிஸ்மஸுக்கு முந்தியே வந்துட்டு. நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு அரிசி வச்சிருக்க டப்பாவுக்குள்ள அதை வச்சிருந்தேன். அபினாக்க அப்பா கண்ணுல படக் கூடாதுன்னு. நாலஞ்சு தடவை வாசிச்சேன். நல்ல கையெழுத்து உங்களுக்கு.

ஸ்டேஷன்ல குடுத்த பேப்பர்ல இப்படிப் போட்டிருக்கு: பிள்ள வேகமா வந்தா, போனைப் பாத்துட்டு வந்தா, முன்னால போன கார்ல பின்னால லைட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துது, பிள்ளதான் கவனிக்கல. அதோட கேஸை மூடிட்டாவ.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார். உங்க கார்ல பின்னால லைட்டு எரிஞ்சுதா?

போன் பண்ணாண்டாம். எங்க வீட்டுல இப்போ போன் கெடையாது. காரணம் பெறவு எழுதுகேன். அங்கன்வாடி விலாசத்துக்குப் போடுங்க.

ஜெபமணி


சிவமயம்

சுசீந்திரம்
20-1-2025

சகோதரி ஜெபமணி அவர்களுக்கு,

வணக்கம். இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம். உங்கள் இருவரின் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவி உலகம்மாள் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பிரிக்காமலே இருந்தேன்.

நீங்கள் கேட்டதைப் பற்றி. எனக்குத் தெரிந்ததை அன்றே ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். அதில் கூட்டவோ குறைக்கவோ இப்போது என்ன இருக்கிறது? அன்று நல்ல மழை. ஆறரை மணிக்கே கண் தெரியாத இருட்டு. அந்த ரோட்டில் தெருவிளக்கும் கிடையாது.

கார் ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டது. பார்க்கப் பிடிக்காமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். பொங்கல் கழிந்து எடுத்து, பின்விளக்குகளை அசல் நிலைக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இனி அந்தக் காரால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரக் கூடாது.

இப்படிக்கு,
வே. தாணுமாலயன்


சேசுவுக்குப் புகழ்

முட்டம்
3-2-2025

தாணுமாலயன் சாருக்கு,

உங்க சொகத்துக்கு வேண்டிக்கிடுதேன். உலகம்மாள் அக்கா விசாரிச்சதுக்கு நன்றி. எனக்கு முட்டுவலி உண்டு, அது எப்பவும் உள்ளதுதான்.

மழை பெஞ்சது எனக்கும் தெரியும் சார். நான் கேட்டது மழையை இல்லை.

அபினாவைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது இல்லியா? நாகர்கோவில்ல ஒரு லேப்ல ரத்தம் எடுக்க வேலை. சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி குத்தும்போது அதுக கூட சேர்ந்து இவளும் அழுவாளாம். கூட வேலை பாத்த பிள்ளைக அடக்கத்துக்கு வந்தப்போ சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டுல பயங்கர வாயாடி. ஸ்கூட்டரை அவ்வளவு மெதுவா ஓட்டுவா, "இதுக்கு நடந்தே போலாம் ஏட்டி"ன்னு நானே ஏசுவேன். அந்தப் பிள்ளையைத்தான் வேகமா வந்தான்னு எழுதிட்டாவ.

லைட்டு வேலை நடக்குன்னு எழுதியிருந்தீங்க. இடிச்சதுல உடைஞ்சுட்டா? என்ன பழுது, எப்படிச் சரி பண்ணுதீங்க? தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். அந்த லைட்டு எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.

ஜெபமணி


சிவமயம்

சுசீந்திரம்
16-2-2025

சகோதரி ஜெபமணி அவர்களுக்கு,

வணக்கம். நலம். முட்டுவலிக்குக் குளிர்ந்த தரையில் உட்காராமல் இருப்பது நல்லது. அங்கன்வாடியில் அது முடியாத காரியம் என்றும் தெரியும்.

விளக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வீட்டிலேயே அதை யாரும் கேட்பதில்லை.

அறுபத்தாறில் என் அப்பா வாங்கிய கார் அது. பின்னால் இரண்டு ஓரத்திலும் மீன்வால் மாதிரி தகடு எழும்பி நிற்கும். அதில் நெட்டுக்குத்தாக, உள்ளங்கை நீளத்தில் ஒரு விளக்கு. சிவப்பு மூடி, சுற்றிலும் குரோம் வளையம். இப்போது எங்கும் கிடைக்காது. சென்னையில் பழைய சாமான் கடைகளில் அதே மாதிரி என்று ஒன்று தருவார்கள். கொண்டுவந்து வைத்தால் திருகாணித் துளை பொருந்தாது. அதனால் புதிதாக மாற்றுவதில்லை, இருப்பதையே மீட்பது என்று முடிவு செய்தேன்.

வளையத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. பூச்சு வேலைக்குக் கோயம்புத்தூரில் ஒருவர் இருக்கிறார். ஆடியில் கழற்றி, இரண்டு விளக்கையும் கூட்டோடு அவருக்கு அனுப்பினேன். இதோ அதோ என்று இழுத்து, தை பிறந்த பிறகுதான் பார்சல் வந்தது. ஆனால் என்ன சுத்தமான வேலை! முகம் பார்க்கலாம். சிவப்பு மூடி வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, முதலில் முரடு, பிறகு நைசு, பிறகு அதைவிட நைசு என்று நான்கு நாள் தேய்த்தேன். உள்ளே சிவப்பு ஊறிக்கொண்டு வருகிறது. பல்பு உட்காரும் இடத்தில் துரு; அதனால்தான் எர்த் கிடைக்காமல் மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சைக்கிள் டியூபை வெட்டித் தண்ணீர் இறங்காமல் அடியில் கொடுத்திருக்கிறேன்.

நேற்று பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். கோயில் நடையில் இருந்து பார்த்தால்கூடத் தெரியும் போலிருந்தது.

அதிகம் எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

இப்படிக்கு,
வே. தாணுமாலயன்


சேசுவுக்குப் புகழ்

முட்டம்
24-2-2025

தாணுமாலயன் சாருக்கு,

சொகத்துக்கு வேண்டிக்கிடுதேன்.

அங்கன்வாடிச் சுவர்ல காலண்டர் கெடக்கு. அதைக் கீழ இறக்கி வச்சுப் பாத்தேன். ஆடின்னா ஜூலை. தைன்னா ஜனவரி. எனக்க பிள்ள செத்தது அக்டோபர். அக்டோபர்ல உங்க லைட்டு கோயம்புத்தூர்ல இருந்திருக்கு.

அப்போ அந்த எடத்துல என்ன இருந்துது சார்?

வீட்டுல போன் எதுக்கு இல்லைன்னு எழுதுகேன்னு சொல்லியிருந்தேன். அன்னைக்கு சாயங்காலம் அபினாக்க அப்பா அவளைக் கூப்பிட்டாவ. வரும்போது ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வரச் சொல்ல. அவ எடுக்கல. ஆறு நாப்பத்திரெண்டுன்னு போன்ல பதிஞ்சிருக்கு. ஸ்டேஷன்ல அதைப் பாத்துட்டு அந்த ஆபீசர் எல்லார் முன்னாலயும் கேட்டாரு, "நீரு கூப்பிட்டதைப் பாக்கப் போயிதான் இடிச்சிருக்கா, வண்டியில வருவான்னு தெரியாதா வே?"ன்னு.

அதோட முடிஞ்சு. வீட்டுக்கு வந்து போனைப் பாறையில போட்டு ஒடைச்சாவ. எனக்க போனையும் ஒடைச்சாவ. கடலுக்குப் போவல. வள்ளத்தை அவிய தம்பி ஷிபு கொண்டு போறான். "நான் பீடிக்காண்டி பிள்ளையைக் கொன்னுட்டேன்"னு சொல்லுவாவ. பேசுகதே அது ஒண்ணுதான்.

உங்க கடிதத்தைக் காட்டி மாசக் கணக்கை வெரல் விட்டுச் சொன்னேன். "நீ என்னைத் தேத்தப் பாக்க"ன்னு திரும்பிப் படுத்துட்டாவ. நான் சொன்னா நம்ப மாட்டாவ. நீங்க எழுதணும். கோர்ட்டு, கேசு எனக்கு வேண்டாம் சார். காசும் வேண்டாம். லைட்டு எரியலைன்னா எரியலைன்னு ஒரு வரி, அவிய பேருக்கு.

ஜெபமணி


சுசீந்திரம்
6-4-2025

சகோதரி அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளவும். ஆறு கடிதம் எழுதிக் கிழித்திருக்கிறேன்.

நீங்கள் போட்ட மாதக் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்கு மேல் இப்போது என்னால் எழுத முடியாது. ஆதிராவுக்கு வைகாசி இருபத்தைந்தாம் தேதி திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு ராஜாக்கமங்கலம். இந்த நேரத்தில் என் பேரில் மறுபடி கேஸ் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவள் வாழ்க்கை என்னவாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பெண்ணைப் பெற்றவர் நீங்கள்.

வைகாசி வரை பொறுக்க வேண்டும். இரண்டே மாதம். திருமணம் முடிந்த மறுநாள் உங்களுக்கு வேண்டியதை எழுதுகிறேன். இது சத்தியம்.

இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடவும்.


சேசுவுக்குப் புகழ்

முட்டம்
15-4-2025

தாணுமாலயன் சாருக்கு,

உங்க மகளுக்கக் கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். மனசாரத்தான் எழுதுகேன். அந்தப் பிள்ள எனக்கு என்ன செஞ்சுது?

உங்க கடிதத்துல கையெழுத்து இல்ல. பேரும் இல்ல. அவிய கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது ஆரு எழுதுனது?"ன்னு கேட்டாவ.

பெண்ணைப் பெத்தவன்னு எழுதியிருக்கீங்க. பெத்தேன். அதனாலதான் கேக்கேன்.

இவிய இப்போ சோறு எறங்காம மெலிஞ்சு கெடக்காவ. வாற பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டேன். "எந்த மொகத்தோட சிலுவையை முத்தம் செய்ய?"ன்னு கேக்காவ. உங்களுக்கு ரெண்டு மாசம் ரெண்டே மாசம். இங்க ஒவ்வொரு நாளா கழிக்கணும் சார்.

ஒரு வரி. ஊருக்குத் தெரிய வேண்டாம். அவியளுக்கு மட்டும்.

ஜெபமணி


சிவமயம்

சுசீந்திரம்
10-6-2025

உயர்திரு சிலுவைதாசன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நிலை தேற வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி என் காரில் பின்விளக்கு எரியவில்லை.

அசல் விளக்கைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்தேன். ஓட்டை தெரியாமல் இருக்க, வடசேரியில் இரண்டு டிராக்டர் விளக்கு வாங்கித் திருகி வைத்திருந்தேன். பார்வைக்கு மட்டும். வயர் கொடுக்கவில்லை. அசல் வந்ததும் கழற்றப்போகிறதுதானே என்று விட்டுவிட்டேன். அன்று, ஆதிராவுக்கு அப்போதே பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டில் காரைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். திருமண ஊர்வலத்துக்கு அந்தக் கார்தான் என்று பேச்சு. உலகம்மாள், "பின்னால லைட்டு இல்லாம எதுக்குப் போறீங்க, நாளைக்குக் காலையில போலாம்லா" என்றாள். "இருட்டுகதுக்குள்ள போய்ச் சேந்துருவேன்" என்றேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் ஊர்ந்துதான் போனேன். பின்னால் இருந்து பார்க்கிறவருக்கு அங்கே கார் ஒன்று போவதே தெரிந்திருக்காது.

சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். உங்கள் மகள் ரோட்டோரம் கிடந்தாள். அசைவு இல்லை. கையில் போன் இல்லை. நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த பிறகுதான் போன் அடித்தது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்து அடித்தது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று நான் பதறிக்கொண்டிருந்தபோது அது அடித்து ஓய்ந்தது. நீங்கள் கூப்பிட்டது அவள் விழுந்த பிறகு. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மோதிய சத்தம் முதலில், போன் பிறகு. என் காதால் கேட்டது.

ஸ்டேஷனில் கேட்டார்கள், "பின்னால லைட்டு எரிஞ்சுதா?" உடைந்த சிவப்புத் துண்டுகள் ரோட்டில் கிடந்ததை அவர்களே பார்த்திருந்தார்கள். "எரிஞ்சுது" என்றேன். "பொண்ணு போனைப் பாத்துட்டு வந்திருப்பாளோ?" என்று கேட்டார்கள். "இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் என் பாரத்தை உங்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். அது உங்களை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பிப்ரவரியிலேயே உங்கள் மனைவி எழுதினார். தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

நேற்று முன்தினம் திருமணம். ஊர்வலத்துக்கு அந்தக் கார்தான் போனது. மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜமணி எல்லோரையும் பின்னால் கூப்பிட்டு, "பாத்தியளா, அந்தக் காலத்து லைட்டு, என்ன ஜொலிப்பு!" என்று காட்டினார். என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் மண்டபத்துப் பின்புறம் போய்விட்டேன்.

நேற்றுக் காலை ஆதிராவிடம் சொன்னேன். உங்கள் மனைவியின் கடிதங்களைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டுக் கேட்டாள், "எனக்க கல்யாணத்துக்காண்டியா அவங்களை இப்படிப் போட்டு வச்சிருந்திய? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா அப்பா?"

இன்று கோர்ட்டில் மனு கொடுத்தேன். விளக்குகள் இரண்டையும் கழற்றி, கோயம்புத்தூர் ரசீதோடு ஒப்படைத்துவிட்டேன். வக்கீல், வழக்கை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டார். இனி சட்டம் என்ன செய்கிறதோ செய்யட்டும்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்படிக்கு,
வே. தாணுமாலயன்
(கையெழுத்து)


சேசுவுக்குப் புகழ்

முட்டம்
29-6-2025

தாணுமாலயன் சாருக்கு,

உங்க சொகத்துக்கு வேண்டிக்கிடுதேன்னு எப்பவும்போல எழுதிட்டேன். எழுதினதை அடிச்சு அழிக்கல.

உங்க கடிதம் வந்துது. நான் கேட்டபடி அவிய பேருக்குத்தான் வந்துது. ஆனா பிரிச்சது நான்.

மே மாசம் இருபத்தொண்ணாம் தேதி காலையில எழும்பி முகம் கழுவப் போனவிய அங்கேயே விழுந்துட்டாவ. வலது பக்கம் கையும் காலும் போச்சு. பேச்சும் போச்சு. நாகர்கோவில்ல பதினோரு நாள் கெடந்தோம். காது கேக்கும், ஆனா என்ன வெளங்குதுன்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.

நீங்க ஏப்ரல்ல எழுதியிருந்தா, முழு புத்தியோட அவிய கேட்டிருப்பாவ. விழாம இருந்திருப்பாவளான்னு எனக்குத் தெரியாது, அதை உங்க தலையில போடமாட்டேன். ஆனா கேட்டிருப்பாவ. ஒரு நாளாவது பாரம் எறங்கி இருந்திருப்பாவ. அது உங்க கையில இருந்துது.

கோர்ட்டுல இருந்து கடுதாசி வந்தா வருவேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன். மன்னிப்பு கேட்டிருக்கீங்க. அது அவியளுக்கு உள்ளது, நான் எடுத்துத் தர முடியாது. எனக்குன்னு கேட்டா, அதைப் பத்தி யோசிக்க நேரமில்ல. ரெண்டு மணிக்கூறுக்கு ஒருக்க திருப்பிப் படுக்கப் போடணும், இல்லைன்னா முதுகு புண்ணாகிப் பொத்துரும்.

ஆதிரா வந்திருந்தா. அவ மாப்பிள்ளையும் கூட வந்தாரு. வாசல்லயே நின்னா. உள்ள வா மக்கான்னு கூப்பிட்டேன். அவிய கட்டில் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போனா. நீங்க அவகிட்டே பேச்சு வாங்கினீங்கன்னா அது நியாயம்தான்.

உங்க கடிதத்தை டெய்லி வாசிச்சுக் குடுக்கேன். மத்தியானம் கஞ்சி குடுத்து, வாயைத் தொடைச்சு விட்டுட்டு, காதுக்குப் பக்கத்துல உக்காந்து, முதல் வரியில இருந்து கையெழுத்து வரைக்கும். மொத நாள் கூரையைப் பாத்துட்டே கெடந்தாவ. அடுத்த நாளும் அப்படித்தான். பதினாலு நாளா வாசிச்சிருக்கேன்.

நேத்து, போன் அடிச்சது பிள்ள விழுந்த பெறவுன்னு எழுதியிருக்கீங்க இல்லியா, அந்த எடம் வந்ததும் அவிய இடது கை வந்து எனக்க மணிக்கட்டைப் புடிச்சுது. வலிக்கப் புடிச்சுது. வெளங்கினதுனால புடிச்சாவளா, போதும் நிறுத்துன்னு புடிச்சாவளா, எனக்குத் தெரியல.

நான் நிறுத்தல. அந்த வரியை மறுபடியும் வாசிச்சேன்.

ஜெபமணி